தெரு யாருக்கு? – ஸ்போர்ட்ஸ் காரை முன்வைத்து

ஸ்போர்ட்ஸ் காரை வருசம் முச்சூடும் அன்றாட வண்டியாக ஓட்டலாமா, கூடாதா? கார் பைத்தியங்களுக்கு நடுவே ரொம்ப நாளாக நடக்கும் விவாதம் இது. மூடி வெச்சா பேட்டரி செத்துப்போகும், டயர் ஒரு பக்கமா அமுங்கிப்போகும், ரப்பர் சீல் காஞ்சு எண்ணெய் கசியும், அதனால தினமும் ஓட்டுறதுதான் வண்டிக்கு நல்லது என்கிறது ஒரு கட்சி. நம்ம டிராபிக்கில் கிளட்ச் தீய்ஞ்சுபோகும், ஞாயித்துக்கிழமை விடியக்காலையில மட்டும் எடுக்கணும் என்கிறது இன்னொரு கட்சி. ரெண்டு கட்சிக்காரனும் கடைசியில் ஒரே வசனத்தில் வந்து நிற்கிறான்: "வண்டி ரெடிதான் சார், ரோடுதான் ரெடி இல்ல."

இந்த வசனத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது. ரோடு யாருக்கு ரெடியாக வேண்டும்? எந்த ரோடு? அந்த ரோட்டில் ஏற்கனவே நடந்துகொண்டிருப்பவன் யார்? இவை இஞ்சினியர்களின் கேள்விகள் என்று தள்ளிவிட முடியாது. இந்தியத் தெரு தாராலும் ஜல்லியாலும் மட்டும் போடப்பட்டதல்ல, சாதியால் போடப்பட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த தெரு, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தெரு, பிணத்தைச் சுற்றுவழியில் வயல் சேற்றில் தூக்கிக்கொண்டு போகவைத்த தெரு. தெரு மறுக்கப்பட்டவனுக்குத்தான் தெருன்னா என்னன்னு தெரியும். அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் இந்தக் காரைப் பார்க்கிறோம்.

முதலில் அவர்களுடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஸ்போர்ட்ஸ் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரும்பாலும் 10 முதல் 13 சென்டிமீட்டர். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கும் வேகத்தடையின் அளவு 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். அதாவது அரசாங்க அளவுப்படி ஒழுங்காகப் போட்ட மேடே இந்த வண்டியின் வயிற்றை உரசிப் பார்க்கும். ஊருக்குள் மக்கள் போட்டுவைத்திருக்கும் மேடுகளைக் கேட்கவே வேண்டாம். இதற்காக மூக்கைத் தூக்கிவிட ஒரு பட்டன் வைத்து அதற்கும் தனியாகக் காசு வாங்குகிறான் கம்பெனிக்காரன்.

வேகத்தடை இவர்களுக்குத் தொல்லை. அந்த மேடு எப்படி வந்தது? பள்ளிக்கூடத்துக்கு எதிரே, சேரி திரும்பும் முக்கில், தண்ணிக் குழாய்க்குப் போகும் வழியில் ஒரு பிள்ளை அடிபட்டுச் செத்திருக்கும். சனங்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் பண்ணியிருப்பார்கள். தாசில்தார் வந்து சமாதானம் பேசியிருப்பார். மறுநாள் ஒரு வண்டி தார் வந்து இறங்கியிருக்கும். எத்தனையோ ஊர்களில் நம்ம சனங்கள் போராடி வாங்கிய ஒரே கட்டுமானம் அந்த 10 சென்டிமீட்டர் மேடுதான். அதைத்தான் இவன் 'ரோடு ரெடி இல்ல' என்கிறான்.

காரைக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 160 சதுர கிலோமீட்டர் நிலம். மூணு பக்கம் தமிழ்நாடு, கிழக்கே கடல். இடையில் இங்கிலீஷ்காரன் பிடித்துவைத்திருந்த காலம் போக, 1739 தொடங்கி 1954 வரை பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த ஊர். அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராசனாறு என்று காவிரியின் கடைசி விரல்கள் கடலைத் தொடும் மண். ஐப்பசி, கார்த்திகையில் வானம் பிளந்துகொண்டால் ரோடு எது வாய்க்கால் எதுன்னு தெரியாது. மீதி நாளில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். இந்த ஊரில் 10 சென்டிமீட்டர் வயிறு வைத்த வண்டி எங்கே ஓடும்? பாரதியார் சாலையில் ஓடும். கடற்கரைச் சாலையில் ஓடும். நாகப்பட்டினம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் ஓடும். சனிப்பெயர்ச்சிக்கு முக்கியஸ்தர்களின் கார்கள் வரிசைகட்டி வரும் திருநள்ளாறு சாலையில் ஓடும். மெயின் ரோட்டைவிட்டு மதகு தாண்டிச் சேரிக்குத் திரும்பும் கிளைப்பாதையில் ஓடாது. 'அன்றாடம் ஓட்டலாம்' என்ற தீர்ப்புக்கு அர்த்தம் 'ஊர்த்தெருவில் மட்டும் ஓட்டலாம்' என்பதுதான். தார் எங்கே முடிகிறதோ அங்கே சேரி தொடங்குகிறது என்பதை ஆய்வாளர் வந்து அளக்க வேண்டியதில்லை, அந்த வண்டியின் வயிறே அளந்து சொல்லிவிடும்.

'வருசம் முச்சூடும்' என்கிற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். இந்த டெல்டாவில் விவசாயக் கூலிக்கு வருசம் முச்சூடும் என்று ஒன்று கிடையாது. நடவுக்குக் கொஞ்ச நாள், களைக்குக் கொஞ்ச நாள். அறுப்பை மிஷின் எடுத்துக்கிச்சு. மிச்ச நாளெல்லாம் காய்ச்சல்தான். உழைக்கிறவனுக்கு வருசத்தில் சில மாசம்தான் வேலை. அவன் பக்கத்தில் விர்ரென்று போகிற இரும்புக்கு மட்டும் 365 நாளும் ஓட்டம் வேண்டுமாம்!

காரைக்கால் என்றதும் அம்மையார் ஞாபகம் வரும். கைலாச மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து போனார் என்கிறது பெரியபுராணம். அது பக்தி. நம்ம பாட்டன் பாட்டிகளுக்கோ ஒவ்வொரு ஊரின் அக்ரகாரத் தெருவும் மிராசுத் தெருவும் கால் படக்கூடாத கைலாசமாகவே இருந்தது. அது கட்டுப்பாடு. மீறினால் சாணிப்பாலும் சவுக்கடியும். இவன் காலை மறுத்த அதே தெருவில் அவனுடைய சக்கரத்துக்கு வழி திறந்தே இருந்தது. வில்வண்டி போய் மோட்டார் வந்தது. கார் என்பது டெல்டாவில் போக்குவரத்துச் சாதனமாக வரவில்லை, மிராசின் அடையாளமாகத்தான் வந்தது.

அந்த அடையாளம் நீதிமன்றம் வரை போய்ச் சாட்சி சொன்ன கதை நமக்குத் தெரியும். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பின் தர்க்கம் இப்படிப் போகிறது: இவர்கள் எல்லோரும் மிராசுதார்கள், பெரும் நிலம் உடையவர்கள், முதல் எதிரி கார் வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நேரில் நடந்துபோய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம்.

தோழர்களே, இதைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். கார் வைத்திருப்பது குற்றமின்மைக்குச் சான்றாகிவிட்டது. நடப்பவன் கொளுத்துவான், காரில் போகிறவன் கொளுத்த மாட்டான்! சக்கரத்துக்கும் காலுக்கும் நடுவே இந்தச் சமூகம் போட்டுவைத்திருக்கும் கோட்டை இவ்வளவு பச்சையாக வேறு எந்த ஆவணமும் எழுதிவைக்கவில்லை. காரைப் பற்றித் தலித்துகள் பேசினால் அது வெறும் காரைப் பற்றிய பேச்சாக ஏன் இருக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு தீர்ப்பு போதும்.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள உறவை அண்ணல் அம்பேத்கர் தன் உடம்பால் அறிந்தவர். 1901இல் சிறுவனாக, அப்பாவைப் பார்க்க அண்ணன் முதலானோருடன் போகிறார். ஸ்டேஷனில் இறங்கினால் மகர் பிள்ளைகள் என்று தெரிந்து ஒரு மாட்டுவண்டிக்காரனும் ஏற்ற மாட்டேன் என்கிறான். கடைசியில் ரெட்டைக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரன் கூடவே நடந்து வருகிறான். 28 வருசம் கழித்து, 1929இல், அரசாங்கக் கமிட்டி உறுப்பினராக, வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கிய பாரிஸ்டராக சாலிஸ்காவ் போகிறார். அப்போதும் டோங்காக்காரன் ஓட்ட மறுக்கிறான். வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டத் தெரியாத நம்மாளு ஒருவர் ஓட்ட, டோங்கா பாலத்துக் கல்லில் மோதி அண்ணல் தூக்கி வீசப்படுகிறார், கால் முறிகிறது. படிப்பு இருந்தது, பதவி இருந்தது, வண்டிக் காசு இருந்தது. வண்டி ஓடவில்லை. 'காசு வந்தா சாதி போயிடும்' என்று இன்னமும் பேசுகிறவர்கள் அந்தப் பாலத்தடியில் போய் நின்று பேசட்டும்.

அதெல்லாம் பழங்கதை என்பார்கள். சரி, 2016 ஜனவரிக்கு வருவோம். மயிலாடுதுறை பக்கம் திருநாள்கொண்டசேரி. ஒரு தலித் முதியவர் இறந்துபோகிறார். அவரது உடலை வழுவூர் பொதுச்சாலை வழியாகக் கொண்டுபோகலாம் என்று சென்னை உயர்நீதிமன்றமே உத்தரவு போடுகிறது. ஆதிக்கச் சாதியினர் மறிக்கிறார்கள். என்ன நடந்தது? உத்தரவை நிறைவேற்ற வேண்டிய போலீசே உடலைத் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தது, பொதுச்சாலை வழியாக அல்ல, பழைய வழியிலேயே. வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில் சுடுகாட்டுக்குப் பாதை அடைபட்டதால் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பிணத்தை இறக்கினார்கள். ஸ்போர்ட்ஸ் கார் வருசம் முச்சூடும் ஓட ரோடு ரெடி இல்லையாம். செத்தவன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, அதுவும் கடைசித் தடவை, மெயின் ரோட்டில் போக ரோடு ரெடி இல்லையே, அதற்கு யார் விவாதம் நடத்துவது?

இனி இந்த வண்டிகள் அன்றாடத் தெருவுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2016 செப்டம்பர் 19 விடியலுக்கு முன், சென்னை கதீட்ரல் சாலை. ஓரமாக நிறுத்தி, உள்ளேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள் ஆட்டோ ஓட்டுநர்கள். ஒரு போர்ஷே கார் வந்து வரிசையாகப் 10 ஆட்டோக்களுக்கு மேல் நொறுக்குகிறது. ஒரு ஓட்டுநர் செத்துப்போகிறார். குடித்துவிட்டு ஓட்டியதாகப் போலீஸ் வழக்கு. உண்மையான 'அன்றாட வண்டி' எது என்று அந்தச் சாலையைக் கேட்டால் சொல்லும். பகலெல்லாம் ஓட்டி, ராத்திரி அதிலேயே முடங்கிப் படுத்து, வீடும் பிழைப்புமாக இருந்த ஆட்டோதான் அன்றாட வண்டி.

2024 மே 19, புனே. இன்னொரு போர்ஷே. ஓட்டியது 17 வயசுப் பையன். மோட்டார் சைக்கிளில் வந்த இளம் இஞ்சினியர்கள் ரெண்டு பேர் செத்தார்கள். சிறார் வாரியம் சில மணி நேரத்திலேயே ஜாமீன் கொடுத்தது. சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதணும் என்று ஒரு நிபந்தனை. நாடே காறித் துப்பிய பிறகுதான் அந்த ஜாமீனைத் திரும்பப் பெற்றார்கள். பல லட்சங்களுக்குப் பதிவு வரி விலக்குப் பெற்ற அந்த மின்சாரக் காருக்கு வெறும் 1,758 ரூபாய் கட்டணம் கட்டாமல், நிரந்தரப் பதிவே இல்லாமல்தான் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. 1973க்கும் 2024க்கும் நடுவே கார் மாடல் மாறியிருக்கிறது. கார் வைத்திருப்பவனைப் பார்த்ததும் அதிகாரத்தின் கை தானாகவே மென்மையாகிற பழக்கம் மாறவில்லை.

பதிவு என்றதும் நம்ம ஊர்க் கதைக்கு வந்தாக வேண்டும். பி.ஒய். 01 புதுச்சேரி, பி.ஒய். 02 காரைக்கால். இந்த ரெண்டெழுத்துக்கு இந்தியா முழுக்க மவுசு உண்டு. காரணம், வரி குறைவு. கேரளத்தில் சொகுசு காருக்கு 20 சதவீதம் வரை வரி இருந்தபோது, புதுச்சேரி முகவரி ஒன்றைக் காட்டி இங்கே பதிந்தவர்கள் ஏராளம். 2017இல் நடிகர்கள் பகத் பாசில், அமலா பால், அன்றைக்கு எம்.பி.யாக இருந்த சுரேஷ் கோபி ஆகியோரின் கார்கள் இப்படிப் பதிவாகியிருப்பது பெரும் விவகாரமாயிற்று. பகத் பாசில் 17 லட்சத்து 68 ஆயிரம் ரூபாய் வரியைக் கேரளத்துக்குக் கட்டினார். சுரேஷ் கோபி முறைகேடு இல்லை என்று மறுத்தார், வழக்கு நடந்தது. தனிமனிதர் யார் குற்றவாளி என்பது கோர்ட்டின் வேலை. நமக்கு வேண்டியது இந்த ஏற்பாடு. மோட்டார் வாகனச் சட்டப்படி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். ஆக, 'வருசம் முச்சூடும்' என்பது சட்டத்திலும் ஒரு அளவுகோல்தான். அந்த அளவுகோல் யார் மேல் விழுகிறது, யார் மேல் விழுவதில்லை?

இதே யூனியன் பிரதேசத்தில் ஒரு தலித் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போய் நிற்கிறான். 1964 மார்ச் 5 தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணையை எடுத்து முன்னால் வைக்கிறார்கள். நீ பூர்வீகமா, குடியேறியவனா? உன் அப்பன் இங்கே இருந்தானா, பாட்டன் இருந்தானா, பத்திரம் இருக்கா? காரைக்காலுக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே சில இடங்களில் ஒரு வாய்க்கால்தான் எல்லை. பொண்ணு கொடுத்ததும் எடுத்ததும் அக்கரையில். நடவுக்குப் போனது அக்கரையில். பண்ணையாளுக்குப் பத்திரம் ஏது? ஆண்டை வீட்டுக் கணக்கு நோட்டில்தான் அவன் பேர் இருந்திருக்கும். பூர்வீகம், குடியேற்றம் என்ற இந்தப் பிரிவினை கோர்ட்டு வரைக்கும் போய்ப் பல குடும்பங்களின் படிப்பையும் வேலையையும் தொங்கலில் விட்டிருக்கிறது.

ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிமாநிலத்தில் வாங்கி, வெளிமாநிலத்தில் ஓடி, வெளிமாநிலத்திலேயே நிற்கிற காருக்கு ஒரு வாடகை முகவரி போதும், அது புதுச்சேரிக்காரனாகிவிடும். இந்த மண்ணில் நாற்று நட்டு, இந்த மண்ணிலேயே புதைகிற மனுசன் ரெண்டு தலைமுறைக்குத் தாள் காட்ட வேண்டும். இரும்புக்குப் பூர்வீகம் கேட்பதில்லை. நம்மகிட்ட மட்டும் கேட்கிறான்.

இந்தப் போக்குவரத்துத் துறைக்கே நம்ம பொண்ணு ஒருத்தர் மந்திரியாக வந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. நெடுங்காடு தனித்தொகுதியில் ஜெயித்த சந்திர பிரியங்கா 2021இல் அமைச்சரானார். புதுச்சேரியில் ஒரு பெண் அமைச்சராவது 40 ஆண்டுகளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 2023 அக்டோபரில் சாதிய, பாலினத் தாக்குதலையும் பணபலத்தையும் எதிர்த்து நிற்க முடியவில்லை என்று கடிதம் எழுதி ராஜினாமா செய்தார். அவரை நீக்க முதலமைச்சர் ஏற்கனவே முடிவெடுத்திருந்தார் என்றது ஆளும் தரப்பு. அவருடைய கட்சி அரசியல் நமக்கு உடன்பாடானதல்ல. அது வேறு பேச்சு. ஒரு பிரதேசத்தின் அத்தனை வண்டிகளுக்கும் அமைச்சராக இருந்த தலித் பெண்ணாலும் சாதி மறித்த ரோட்டைத் தாண்ட முடியவில்லை என்று அவரே எழுத வேண்டி வந்ததே, அதுதான் நம்ம பேச்சு.

நண்பர்கள் சிலர் ரெண்டு ஆட்சேபம் சொல்வார்கள். 'இது பொறாமை' என்பது முதலாவது. இல்லாதவன் கேள்வி கேட்டால் பொறாமை, இருப்பவன் ரோட்டையே கேட்டால் ரசனையா? இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

ரெண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. 'அப்படின்னா தலித் இளைஞன் வேகமான வண்டி ஓட்டக்கூடாதா? நீங்களும் அவனை அடக்கமா நடக்கச் சொல்றீங்களா?' ஒருக்காலும் இல்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். நம்ம பையன் புல்லட் ஓட்டட்டும், ஸ்போர்ட்ஸ் காரே ஓட்டட்டும், அது அவன் உரிமை. அண்ணல் கோட்டு சூட்டு போட்டது நமக்கு எளிமை போதிக்க அல்ல. கந்தலும் வெறுங்காலும் நமக்கு விதிக்கப்பட்ட சீருடை. அதைக் கழற்றி எறிவதே அரசியல்தான். அடக்கத்தை ஆதிக்கச் சாதிக்காரன் கற்றுக்கொள்ளட்டும்.

ஆனால் ஒன்று. நம்மில் ஒருத்தன் அந்த வண்டியில் ஏறிவிட்டால் தெரு விடுதலையாகிவிட்டது என்று கணக்கு முடிக்கக் கூடாது. புல்லட்டுக்காகக் கை வெட்டப்பட்டவனும், ஆட்டோவுக்குள் நசுங்கிச் செத்தவனும், சுற்றுவழியில் புதைக்கப்பட்ட கிழவனும் ஒரே தெருவின் ஆட்கள். சாலைவரி கட்டியவனுக்குத்தான் ரோட்டில் உரிமை என்றால் வெறுங்காலோடு நடப்பவன் எதில் போவது? தெரு அவனுடையது என்பதிலிருந்துதான் நம்ம கணக்கு தொடங்க வேண்டும். மற்றவர்கள் அவனுக்கு வழிவிட்டு ஓட்டட்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த மழைக்கு முன்னால் காரைக்காலின் ஒவ்வொரு கொம்யூனிலும் இறங்குங்கள். நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரி, திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம், எதையும் விடாதீர்கள். தார் எங்கே முடிகிறது, சுடுகாட்டுக்குப் பாதை யார் வயல் வழியாகப் போகிறது, பள்ளிக்கூட முக்கில் வேகத்தடை இருக்கிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு, எந்தச் சாலைக்கு எவ்வளவு செலவானது என்று கேட்டு வாங்குங்கள். ரெண்டையும் பக்கத்தில் வைத்துச் சுவரொட்டியாக அடித்துப் பாரதியார் சாலையிலேயே ஒட்டுவோம். எந்த வண்டி வருசம் முச்சூடும் ஓடும் என்ற விவாதத்தை அவர்கள் நடத்திக்கொள்ளட்டும். நம்ம பிணம் முதலில் மெயின் ரோட்டில் போகட்டும், நம்ம பிள்ளை உயிரோடு அந்த ரோட்டைக் கடக்கட்டும். அது நடக்கும் வரை அந்த 10 சென்டிமீட்டர் மேட்டில் ஒரு சென்டிமீட்டரைக்கூடச் சுரண்ட விடமாட்டோம்.